பதினோரு எழுபத்தொன்றுகள்

தவசிமுத்துவின் வாழ்க்கையில் நடந்த நல்ல காரியங்களில் பெரும்பாலானவை அவன் கை படாமல் நடந்தவை. அவன் தன் கையால் செய்த ஒரே பெரிய காரியம், எட்டுக் கோடி ரூபாய் இயந்திரத்துக்குள் வத்தக்குழம்பைக் கொட்டியது.

கார்கள் தாமாகவே ஓடத் தொடங்கிவிட்ட காலம் அது. ஆனாலும் வத்தக்குழம்பு தானாகச் சூடாவதில்லை. தெற்கே ஒரு மாவட்டத் தலைநகரில் இருந்த தொண்டைப் புற்றுநோய் மையத்தின் இரண்டாம் மாடி ஆய்வகத்தில், மரபணு வாசிக்கும் இயந்திரத்தின் தலை எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். பதினொரு மணிக்கு அதன்மேல் தூக்குச்சட்டியை வைத்தால் ஒரு மணிக்குப் பதமாக இருக்கும். அப்படி வைக்கக் கூடாது என்று ஆய்வக டெக்னீஷியன் தவசிக்கு ஒரு மெமோ வந்திருந்தது. மறுபடியும் வைத்ததற்கு இன்னொரு மெமோ. மூன்றாவது வந்தால் வேலை போகும்.

அன்று வேலை மிகுதியால் சாப்பிட மூன்று மணி ஆகிவிட்டது. சட்டியின் மூடி விரலைச் சுட்டது. கையை உதறினான். குழம்பு இயந்திரத்தின் காற்றுத்துளை வழியே இறங்கி, உள்ளே வரிசையாக நின்ற பதினோரு நோயாளிகளின் ரத்தச் சோதனைக் குழாய்களின்மேல் அபிஷேகமாகப் பொழிந்தது. இயந்திரம் ஒரு முறை விக்கியது, நின்றது. முதல் குழாயை மட்டும் அது வாசித்து முடித்திருந்தது. திரையில் 71 என்ற எண் நின்றது. மற்ற பத்துக் குழாய்களிலும் புளி.

மணி மூன்றே கால். நான்கு மணிக்குள் மதிப்பெண் பட்டியலைத் தலைமை அலுவலகத்துக்கு ஏற்ற வேண்டும். மதிப்பெண் ஏறாதவர்களுக்கு இந்த முறை இடமில்லை. அடுத்த பட்டியல் மூன்று மாதம் கழித்து. தொண்டையில் கட்டியோடு இருப்பவனுக்கு மூன்று மாதம் என்பது என்னவென்று தவசிக்குத் தெரியும். மூன்றாவது மெமோ என்பது என்னவென்றும் தெரியும். இந்த இரண்டில் எது தன்னைச் செய்ய வைத்தது என்று அவன் பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறான். பத்துக்கு ஆறு பயம், நாலு இரக்கம் என்பது அவனுடைய நேர்மையான மதிப்பீடு. மனசு நன்றாக இருக்கும் நாட்களில் ஐந்துக்கு ஐந்து.

பதினோரு பெயர்களுக்கு நேராகவும் 71 என்று அடித்தான். பிறகு காற்றுத்துளையைத் துடைத்துவிட்டு, வேலை முடிந்ததும் இயந்திரம் தானாக நின்றுவிட்டது என்று எழுதிவைத்தான்.

மறுநாள் பட்டியலைப் பார்த்த மையத்தின் தலைவர் டாக்டர் ஜெபக்கனி புருவத்தைத் தூக்கினார். எப்படி எல்லாருக்கும் ஒரே எண்? பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள், கொண்டான் கொடுத்தான் உறவு, ரத்தம் ஒன்றாகத்தானே இருக்கும் என்று தவசி வாய்க்கு வந்ததைச் சொன்னான். டாக்டர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அடுத்த கேள்வி வருமுன் தவசி வெளியே வந்துவிட்டான்.

முடிவு கேட்க முதலில் வந்தவர் கொத்தனார் ஆவுடையப்பன். ஐம்பத்தைந்து வயது, ஆறடி உயரம், நாற்பது வருடப் பீடி. வரும்போதே குரல் பாதி போயிருந்தது.

"இது என்ன மார்க்கு தம்பி? வெவரமாச் சொல்லும்."

"நம்ம ஒடம்புக்குள்ள ஒரு புஸ்தகம் இருக்கு அண்ணாச்சி. எல்லாருக்கும் ஒரே புஸ்தகம்தான். ஆனா அங்கங்க ஒரு எழுத்து மாறியிருக்கும். சிலருக்கு அந்த எழுத்து மாறுனா, ஒடம்புல பழுது பாக்குற ஆளு சோம்பேறியாயிடுவான். மருந்து குடுத்தாலும் புண்ணு ஆறாது, கட்டி திரும்ப வரும். அந்த மாதிரி நூத்தி நாப்பது எடத்தை மெஷின் பாத்துட்டு, இவரு அஞ்சு வருஷம் இருப்பாரான்னு நூத்துக்கு ஒரு நம்பர் சொல்லும்."

"பாஸ் மார்க்கு?"

"முப்பத்தஞ்சு."

"அதுலயும் முப்பத்தஞ்சா?" என்று சிரித்தார் ஆவுடையப்பன். பெயிலானால் என்ன என்று கேட்டார். முழுச் சிகிச்சைக்கு ஒதுக்கிய பணமும் இடமும் குறைவு, அதனால் முப்பத்தைந்துக்குக் கீழே உள்ளவர்களுக்கு வலி மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்; அதற்கு ஆறுதல் பிரிவு என்று பெயர் என்று தவசி சொன்னான். பிறகு எழுபத்தொன்று என்றான். ஆவுடையப்பன் சீல் வைத்த தாள் ஒன்று கேட்டு வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

இரண்டே நாளில் மையத்துக்கு எதிரே ஃபிளெக்ஸ் நின்றது. மீசையோடு ஆவுடையப்பன், பின்னால் ஒரு சிங்கம், மேலே இரண்டு புறா. 'தொண்டைப் புற்றுநோய்த் தேர்வில் 71 மதிப்பெண் பெற்று முழுச் சிகிச்சைக்குத் தகுதி பெற்ற அண்ணாச்சியை வாழ்த்தி வழியனுப்பும் கட்டடத் தொழிலாளர்கள்.' வழியனுப்பும் என்ற சொல்லைப் பிற்பாடு யாரோ தாள் ஒட்டி மறைத்தார்கள். அந்த ஃபிளெக்ஸைப் பார்த்து எழுபத்தொன்று வாங்கிய இன்னொருவரும் ஒன்று வைத்தார். பதினோரு பேருக்கும் ஒரே மதிப்பெண் என்று தெரிந்ததும், தமிழ்நாட்டில் பதினோரு பேர் ஒன்றாக இருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. சங்கம் ஆரம்பித்தார்கள். எழுபத்தொன்று நலச் சங்கம். தலைவர் ஆவுடையப்பன். லெட்டர் பேடும் உண்டு.

சிகிச்சை ஏழு மாதம். வாயெல்லாம் புண், தண்ணீர் விழுங்கினால் ஜல்லி விழுங்குவது போல இருக்கும். முதல் மாதத்திலேயே பாதிப் பேர் ஓடிவிடுவது வழக்கம். இந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூட ஓடவில்லை. ஓட முடியாது. சங்க விதி அப்படி. ஒருவர் மருந்துக்கு வரவில்லை என்றால், மற்றப் பத்துப் பேரும் அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். பேச முடியாதவர்கள், சும்மா உட்கார்ந்திருப்பார்கள். எழுபத்தொன்று வாங்கிவிட்டு இப்படிச் செய்யலாமா என்று ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டுவார்கள். அந்த ஆள் வெட்கப்பட்டு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வருவார்.

எட்டாவது மாதத்தில் சேர்மக்கனி இறந்தார். பதினோரு பேரில் இயந்திரம் உண்மையாகவே வாசித்த முதல் குழாய் அவருடையது. அசல் எழுபத்தொன்று அவர் ஒருவர்தான். பதினான்காவது மாதத்தில் ஆவுடையப்பன். கட்டி திரும்ப வந்து, கடைசி நான்கு மாதம் வயிற்றில் குழாய் வழியாகக் கஞ்சி. தவசி போய்ப் பார்த்த அன்று அவர் விசிறிக்காற்றுகூடத் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு தவசி அந்தத் தெருப்பக்கமே போகவில்லை. அவருடைய உண்மையான மதிப்பெண் பத்தோ பதினைந்தோ ஆக இருந்திருந்தால்? தான் மட்டும் கையை உதறாமல் இருந்திருந்தால், மனுஷன் அந்த ஏழு மாத நெருப்பைக் குடிக்காமல், பிடித்ததைத் தின்று, வீட்டில் படுத்து, நிம்மதியாகப் போயிருப்பாரே. இந்தக் கேள்வி அவனுக்குள் வந்து குடியேறிக்கொண்டது. காலி செய்யச் சொல்ல வழியில்லை.

மீதி ஒன்பது பேரும் இருந்தார்கள். இருந்தார்கள் என்றால், கல்யாண வீட்டுப் பந்தியில் முதல் வரிசையில் இருந்தார்கள். ஆண்டு விழா நடத்தி, மார்க் போட்ட வாத்தியார் என்று தவசிக்கு மாலை போட்டார்கள். தொண்டையில் ஒன்றும் இல்லாதவன் அந்தக் கூட்டத்தில் அவன் ஒருவன்தான்; கேசரி இறங்காததும் அவனுக்கு மட்டும்தான்.

மூன்றாவது ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் முன்னால் சொர்ணத்தாயின் ரத்தம் அவன் மேசைக்கு வந்தது.

சொர்ணத்தாய் மையத்தின் வாசலில் டீக்கடை வைத்திருப்பவள். ஐம்பது வயது, வாயில் எப்போதும் புகையிலை. ஆறு வருடமாகத் தவசி ஒரு நாளைக்கு நாலு டீ அவளிடம் குடிக்கிறான். சுத்தமான மேசையில், கையுறை போட்டு, சாப்பாட்டுச் சட்டியை மூன்று அறை தள்ளி வைத்துவிட்டு, அவன் அவள் ரத்தத்தை வாசித்தான். 22. மறுபடியும் வாசித்தான். 22. மூன்றாம் முறையும் 22. இந்த நேர்மையை அந்த இயந்திரம் வேறு எங்காவது காட்டியிருக்கலாம்.

இப்போது 71 என்று அடிக்கவும் வழியில்லை. பதினோரு பேருக்கு ஒரே எண் வந்த அதிசயத்துக்குப் பிறகு புது இயந்திரம் வந்திருந்தது. அது யாரையும் கேட்காமல் தானே அனுப்பும். இறுதிப் பட்டியலுக்கு இன்னும் ஆறு நாள், அதற்குள் புதிதாக ரத்தம் எடுத்து மறுபரிசோதனை செய்ய ஒரு வாய்ப்பு மட்டும் உண்டு. தவசி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தன் கையில் ஊசி குத்தி, ஒரு குழாய் ரத்தம் எடுத்து, சொர்ணத்தாய் என்று சீட்டு ஒட்டினான். தன்னுடைய எண் என்ன என்று அவன் எப்போதோ பார்த்து வைத்திருந்தான். 41. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான்.

குழாயைப் பையில் வைத்துக்கொண்டே டீ குடிக்கப் போனான். எத்தனை என்று கேட்டாள். இன்னும் வரவில்லை என்றான்.

"பெயிலான பிள்ளைக்குத்தான் ரிசல்ட்டு இன்னும் வரலேம்பாவ" என்றாள் சொர்ணத்தாய், அடுத்த ஆளுக்கு டீயை ஆற்றிக்கொண்டே. "சர்க்கரை போதுமா பாரும்."

அவன் நின்றான். இவளுக்குத் தன் ரத்தத்தைக் கொடுத்துவிடலாம். நாளைக்கு வரும் அடுத்த இருபத்திரண்டுக்கு? அதற்கு அடுத்தவருக்கு? ஒரு மாவட்டத்துக்குப் போதுமான ரத்தம் அவன் உடம்பில் கிடையாது, சோகை வேறு. டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, நேராக மாடியேறி டாக்டர் ஜெபக்கனியின் அறைக்குப் போனான். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். பையிலிருந்த குழாயையும் எடுத்து மேசைமேல் வைத்தான்.

டாக்டர் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு, "வத்தக்குழம்பா?" என்றார்.

"சுண்டைக்காய், மேடம்."

"அந்தப் பதினோரு பேரோட தசைத்துண்டு இன்னும் ஸ்டோர்ல இருக்கு. எடுத்துட்டு வாங்க. நீங்க வாசிக்க வேண்டாம், நான் வாசிக்கிறேன்."

இரண்டு நாள் அவர் அறையை விட்டு வரவில்லை. மூன்றாம் நாள் காலை தவசியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பதினாறு வருடத்தில் அந்த அறையில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஒன்பது பேர் உயிரோட இருக்காங்கல்ல. அதுல ஆறு பேர் முப்பத்தஞ்சுக்குக் கீழ. அதுலயும் மிக்கேலுக்கு எத்தனை தெரியுமா? பன்னிரண்டு."

"அப்போ மெஷின் பொய் சொல்லுதா மேடம்?"

"பொய் சொல்லல. அதுக்கு வேற ஊர் ஆளுங்களை வெச்சுப் பாடம் எடுத்திருக்காங்க. அங்க ஒரு எழுத்து மாறுனா ஆள் தாங்க மாட்டான். இங்கயும் அதே எழுத்து மாறியிருக்கு. ஆனா நம்மாளுங்களுக்குப் பக்கத்துலயே இன்னொரு எழுத்தும் மாறியிருக்கு. ஒருத்தன் சோம்பேறின்னா அடுத்தவன் சேர்த்து வேலை பாக்குறான். மெஷினுக்கு முதல் ஆளை மட்டும்தான் தெரியும்."

"இத்தனை வருஷமா இது யாருக்கும் தெரியலையா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எப்படித் தெரியும்? பெயிலானவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டோம். மருந்து கொடுக்கல, அதனால செத்தாங்க. பாரு, மெஷின் சொன்ன மாதிரியே செத்தாங்கன்னு நாமளே அதுக்கு சபாஷ் போட்டோம். பெயிலானவனுக்கு மருந்து கொடுத்துப் பாத்தது இந்த நாட்டுலயே உங்க குழம்பு ஒண்ணுதான்."

அப்படியானால் தான் செய்தது சரியா என்று தவசி கேட்டான். அதை விசாரணைக் கமிட்டிதான் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர்.

சங்கத்தாரிடம் விஷயத்தைச் சொல்ல டாக்டரே போனார். நகராட்சிப் பூங்காவில் கூட்டம். ஒவ்வொருவரிடமும் அவரவர் உண்மையான மதிப்பெண்ணை எழுதிய உறையைக் கொடுத்தார். தவசி ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால், ஓடுவதற்கு வசதியான தூரத்தில் நின்றான். ஒன்பது பேரும் உறையைப் பிரித்தார்கள். முதலில் எழுந்தவர் மிக்கேல், பழைய லாரி டிரைவர். தொண்டையில் பாதிதான் மிச்சம். பேசினால் கட்டைவண்டி மேடேறுவது போல இருக்கும்.

"பன்னண்டு" என்றார். உறையை எல்லாருக்கும் காட்டினார். "எலே, பன்னண்டு மார்க்கு வாங்கிட்டு மூணு வருஷமா புரோட்டா தின்னுக்கிட்டு இருக்கேன். எவனாவது இருக்கியளா என்னை விடக் கம்மியா?"

ஒருவரும் இல்லை. பதினாறு ஒருவர், பத்தொன்பது ஒருவர். உண்மையிலேயே பாஸான மூன்று பேர் ஏதோ ஊழல் செய்து மாட்டிக்கொண்டவர்கள் போலப் பின்வரிசைக்கு நகர்ந்தார்கள். அந்த வாரமே புது ஃபிளெக்ஸ் வந்தது: '12 மதிப்பெண் பெற்றும் வாழ்ந்துகாட்டும் அண்ணன் மிக்கேல்.' சிங்கம் அதே சிங்கம். சங்கத்தின் பெயரை மாற்றுவதில்லை என்று ஒரு மனதாகத் தீர்மானம் போட்டார்கள். லெட்டர் பேடு அடித்தது மீதி இருந்தது என்பதும் ஒரு காரணம். கமிட்டி கூடிய அன்று ஒன்பது பேரும் வெள்ளை வேட்டியில் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒன்றும் பேசவில்லை. உட்காருவதில் அவர்களுக்கு அனுபவம் இருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி கணினியில் இருந்த பட்டியலைப் பார்ப்பதும், இவர்களைப் பார்ப்பதுமாக இருந்தார். செத்திருக்க வேண்டிய ஆறு பேர் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பூங்காவிலும் சரி, அந்த மண்டபத்திலும் சரி, தவசிக்குக் கண் கலங்கியது. தூசி என்று சொல்லிக்கொண்டான்.

தென்மாவட்டங்களில் முப்பத்தைந்து விதி நிறுத்திவைக்கப்பட்டது. சொர்ணத்தாய் மருந்துக்குச் சேர்ந்தாள். டீக்கடையைச் சங்கம் முறை வைத்துப் பார்த்துக்கொண்டது. டீ மட்டும் சகிக்கவில்லை. தவசிக்கு ஒரு கடிதம் வந்தது. முதல் பத்தியில் ஆறு மாதத் தற்காலிகப் பணிநீக்கம். இரண்டாம் பத்தியில் பாராட்டு. இரண்டுக்கும் கீழே ஒரே கையெழுத்து. எதை நம்புவது என்று அலுவலகத்தில் கேட்டதற்கு, இரண்டையும் கோப்பில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மிக்கேலிடம் கேட்டான், கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். சொர்ணத்தாயிடம் கேட்டான், போய் வேலையைப் பாரும் என்றாள், அவனுக்கு வேலை இல்லை என்பதை மறந்து.

அவன் உண்மையில் கேட்க வேண்டிய ஆள் வேறு. ஆவுடையப்பனின் உறையை டாக்டர் தவசியிடம்தான் கொடுத்திருந்தார். 18. பெயில் போட்ட மற்ற ஆறு பேரிடமும் தோற்ற இயந்திரம், ஆவுடையப்பன் விஷயத்தில் மட்டும் சரியாகச் சொல்லியிருந்தது. பதினைந்து நாள் அந்த உறையைச் சுமந்து திரிந்துவிட்டு, ஒரு காலையில் அவர் மனைவி பிரமுவைத் தேடிப் போனான்.

வீட்டில் இல்லை. பேட்டையில் ஒரு கட்டட வேலையில் இருப்பதாகச் சொன்னார்கள். முன்பு சித்தாளாகப் போனவள். இப்போது அவளே எட்டுப் பேரை வைத்து வேலை எடுத்துச் செய்கிறாள் என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. நேற்றுக் கட்டிய சுவருக்கு ஹோஸால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். தலையில் துண்டு, தோளில் தூக்குக்குண்டு நூல்.

"வாங்க தம்பி. ரெண்டு வருஷமாச்சு நம்ம பக்கம் வந்து" என்றாள். ஹோஸை நிறுத்தவில்லை.

தவசி எல்லாவற்றையும் சொன்னான். இடையில் ஒரு ஜோக்குகூட அடித்துப் பார்த்தான். அவள் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டான். உறையை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"பதினெட்டுதான?" என்றாள்.

தவசி நீட்டிய உறையைப் பின்னுக்கு இழுத்தான்.

"ஒங்ககிட்ட வாரதுக்கு ஒரு மாசம் முன்னால மதுரைல ஒரு தனியார் லேபுல எடுத்தோம். பதினெட்டுன்னு மட்டும் சொன்னாவ, அர்த்தம் சொல்லல. திரும்ப இங்க வந்து எடுத்தா நீங்க எழுபத்தொண்ணுன்னு தாளு குடுக்கிய. ரெண்டு தாளையும் தரையில விரிச்சு வெச்சு ராத்திரி பூரா பாத்தோம். எதையோ தப்பாப் போட்டுட்டான் பையன், போய்ச் சொல்லிருவோமான்னு நான் கேட்டேன். அவுக வேண்டாம்னுட்டாவ. பதினெட்டுத் தாளை அடுப்புல போட்டாவ."

"அப்போ தெரிஞ்சேதான் அண்ணாச்சி அவ்வளவு கஷ்டமும்..."

"தெரிஞ்சேதான். தோத்துப் போவோம்னு தெரிஞ்சு எறங்குனாவ. அத யாருகிட்டயும் சொல்லாம, மத்த பத்துப் பேரையும் வாசல்ல ஒக்காந்து ஒக்காந்து இழுத்துட்டு வந்தாவ."

அவள் சுவரின் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தாள். அவனும் பின்னால் போனான். ஊரில் இத்தனை பேரிடம் கேட்டும் கிடைக்காததை அவளிடம் கேட்டான்.

"மதினி, நான் செஞ்சது தப்பா, சரியா? சுத்தி வளைக்காமச் சொல்லுங்க."

பிரமு இப்போதுதான் ஹோஸைக் கீழே போட்டாள்.

"தப்பு. குழம்பக் கொட்டுனது இல்ல, அது கை தவறுனது. மூணு வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்திய பாருங்க, அது தப்பு. அதுக்குள்ள எத்தனை பேர பெயிலுன்னு வீட்டுக்கு அனுப்புனிய?"

"நூத்தி நாப்பத்தி ரெண்டு" என்றான் தவசி. அவன் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"அந்த நூத்தி நாப்பத்தி ரெண்டுல எனக்கும் பங்கு இருக்கு. எனக்கும் தெரியும்லா, நானும் சொல்லல. அத நெனச்சு அழுதா அழுங்க, நானும் கூட அழுதேன். ஆனா எங்க வீட்டு அவுகள நெனச்சு நீங்க வருத்தப்படக் கூடாது. அந்த ஏழு மாசமும் நீங்க குடுத்தது இல்ல. அவுக எடுத்துக்கிட்டது. அதுல ஒங்களுக்கு ஒரு துளி கூடப் பங்கு தர மாட்டேன்."